பெக்கப் எடுத்தீர்கள், திறந்து பார்த்தீர்களா?

வியாபாரம் செய்கின்ற நம்மவர்கள் பலர் இப்போது கடன் கொப்பியை மூடி வைத்துவிட்டுக் கணினிக்கு மாறிவிட்டார்கள். நல்ல விடயம்தான். "கணினி பழுதானால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், "ஒவ்வொரு இரவும் பெக்கப் எடுக்கிறோமே" என்று மேசை லாச்சியில் இருந்து ஒரு பென் டிரைவை எடுத்துக் காட்டுவார்கள். அந்தப் பென் டிரைவுக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்?

நானும் பார்க்காதவன்தான். கடைக்காரராக இருந்து பார்க்காமல் விட்டிருந்தால் பரவாயில்லை. பெக்கப்பைச் செய்து கொடுத்தவனே நான். அதனால்தான் இந்தக் கதையை எழுத வேண்டும் என்று நினைத்தேன். எனக்கு இதில் பெருமை ஒன்றும் இல்லை. ஆனால் இதே தவறு இன்னும் எத்தனையோ கடைகளில் சத்தமில்லாமல் ஒவ்வொரு இரவும் நடந்துகொண்டிருக்கலாம்.

ஊர்காவற்றுறைக் கடை

யாழ்ப்பாணம் ஐந்து சந்திப் பக்கம் கணினி திருத்துவதும், சிறிய கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்து கொடுப்பதும் என் தொழில். 2016இல் ஊர்காவற்றுறையில் உள்ள ஒரு கடைக்கு அப்படி ஒன்று செய்து கொடுத்தேன். வலை, கயிறு, மிதவை, இஞ்சின் உதிரிப்பாகம் விற்கும் கடை. உரிமையாளரை இங்கே நானா என்றே குறிப்பிடுகிறேன்.

நானாவின் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் கடற்றொழிலாளர்கள். அனலைதீவு, எழுவைதீவுக்காரர் படகேறி ஊர்காவற்றுறைத் துறைக்கே வந்துவிடுவார்கள். நெடுந்தீவு, நயினாதீவுக்காரர் குறிகட்டுவானில் இறங்கி, புங்குடுதீவு, வேலணை என்று தரையால் சுற்றி வரவேண்டும். அவ்வளவு தூரம் வருகிறவருக்குக் கையில் காசு இல்லை என்பதற்காகச் சாமான் கொடுக்காமல் அனுப்ப முடியாது. தொழில் பட்டால் கொடுப்பார்கள். வாடை இறுகிக் கடல் கொந்தளித்தால் கடன் நீளும். தீவுப் பக்கத்து வியாபாரம் என்றால் முக்கால்வாசி கடன்தான்.

அதனால் மென்பொருளில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் வைத்தேன். பெயர், ஊர், வாங்கிய சாமான், கட்டிய காசு, மிச்சம். அதோடு அடையாள அட்டைப் பிரதி, அவர் கையொப்பமிட்ட அல்லது கைநாட்டு வைத்த கடன் துண்டு, கட்டிய காசுக்கான பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, படமாக அதே தரவுத்தளத்துக்குள் போட்டுவிடுவது.

கடையின் பின்னறையில் பழைய துண்டுகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. உப்புக் காற்றும் கறையானும் பாதியைத் தின்றிருந்தன. "ஸ்கேன் பண்ணியாயிற்றே நானா, இன்னும் ஏன் இந்தக் குப்பையை வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டவன் நான்தான். என் பேச்சை நம்பி அவர் பெரும்பாலானவற்றை எரித்துவிட்டார்.

ஒவ்வொரு இரவும் கடை பூட்டும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் பெக்கப் பென் டிரைவுக்குப் போகும். "பெக்கப் வெற்றிகரமாக முடிந்தது" என்று பச்சை எழுத்தில் வரும். ஆறு வருடம் அந்தப் பச்சை எழுத்து ஒருநாளும் தவறவில்லை.

2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலம். போய்ப் போய் வந்த கரண்டில் நானாவின் கணினி ஏப்ரலில் ஒருநாள் எழும்பவே இல்லை. ஹாட் டிஸ்க் செத்துவிட்டது. நான் பதறவில்லை. வேறொரு கணினியைக் கொண்டுபோய் மென்பொருளைப் போட்டு, பென் டிரைவில் இருந்த பெக்கப்பை ஏற்றினேன். ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை. பெயர்கள் அழகான தமிழில் வந்தன. மிச்சத் தொகைகள் சதம் பிசகாமல் வந்தன. நானா தேநீர் வரவழைத்தார். நானும் பெருமையோடு குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாம் நாள் நெடுந்தீவில் இருந்து ஒருவர் கணக்குத் தீர்க்க வந்தார். கணினி 86,000 ரூபா என்றது. அவர் 61,000 என்றார். "இடையில 25,000 கட்டினேனே, துண்டு எழுதி, உங்கட மகன் மிசினில வைச்சுப் படம் பிடிச்சாரே" என்றார். அவரிடம் இருந்த துண்டு கடல் தண்ணீரில் நனைந்து போய்விட்டதாம். மகன் படத்தைப் போட்டுவிட்டுத் தொகையைப் பதிய மறந்திருக்கலாம். நடக்கக்கூடியதுதான். படத்தைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

படத்தைத் திறந்தார்கள். வெறும் கட்டம். அடுத்தவருடையதைத் திறந்தார்கள். அதுவும் வெறும் கட்டம். நானூறுக்கு மேற்பட்ட படங்களில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. நானா தொலைபேசியில் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. "தம்பி, எவ்வளவு எண்டு உங்கட பெட்டி சொல்லுது. தாறேன் எண்டு கையெழுத்து வெச்சவன் எங்க?"

எழுத்தும் கைநாட்டும்

என்ன நடந்தது என்பதைக் கணினி படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி சொல்ல முயல்கிறேன்.

உங்கள் கடையில் ஒரு பழைய பேரேடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பிரதி எடுக்க ஒரு கணக்குப்பிள்ளையை அமர்த்துகிறீர்கள். அவர் ஒவ்வொரு வரியாக வாசித்துப் புதிய கொப்பியில் எழுதுகிறார். பெயர் வருகிறது, எழுதுகிறார். தொகை வருகிறது, எழுதுகிறார். இடையில் ஒரு கைநாட்டு வருகிறது. அதை எப்படி வாசிப்பது? அது எழுத்தே அல்ல. அவர் என்ன செய்வார்? உங்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். கேட்காமல், அந்த இடத்தில் "ஏதோ ஒரு அடையாளம்" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனால்? பத்துப் பேருடைய கைநாட்டும் ஒரே மாதிரி "ஏதோ ஒரு அடையாளம்" ஆகிவிடும். கொப்பி முழுமையாக இருக்கும். பக்க எண்ணிக்கையும் சரியாக இருக்கும். ஆனால் எது யாருடைய கைநாட்டு என்று அந்தக் கொப்பியை வைத்து இனி யாராலும் சொல்ல முடியாது. எழுத்தை வாசித்து எழுதலாம், கைநாட்டை அப்படியே போட்டோப் பிரதிதான் எடுக்கலாம்.

கணினிக்குள்ளும் இந்த இரண்டு வகை உண்டு. பெயர், ஊர், தொகை இவை எழுத்துத் தரவு. படம், ஒலி, கைவிரல் பதிவு, ஸ்கேன் செய்த பத்திரம் இவை பைனரி என்று சொல்லப்படும் துவிதத் தரவு. கணினிக்கு இரண்டுமே வெறும் எண்கள்தான். ஒவ்வொரு பைட்டும் 0 முதல் 255 வரையான ஓர் எண். வித்தியாசம் என்னவென்றால், எழுத்துத் தரவில் அந்த எண்கள் ஓர் இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டவை. இப்போது உலகெங்கும் பயன்படுகின்ற யூடிஎஃப்-8 முறையில் நம்முடைய "க" என்ற எழுத்து 224, 174, 149 என்ற மூன்று பைட்களாக எழுதப்படுகிறது. 224 வந்தால் பின்னால் இன்னின்ன எண்கள்தான் வரலாம் என்று விதி உண்டு. படத்துக்கு அந்த விதி கிடையாது. ஜேபெக் படம் ஒவ்வொன்றும் 255, 216, 255 என்று தொடங்கும். 255 என்ற பைட்டுக்கு யூடிஎஃப்-8 இலக்கணத்தில் இடமே இல்லை.

இலக்கணத்துக்குள் வராத பைட்டைக் கண்டால் எழுத்து வாசிக்கின்ற மென்பொருள்கள் பல என்ன செய்கின்றன தெரியுமா? நமது கணக்குப்பிள்ளை செய்ததைத்தான். அந்த இடத்தில் "விளங்காத எழுத்து" என்பதற்கான ஒரு பொதுக் குறியை வைத்துவிட்டுப் போகின்றன. அந்தக் குறி 239, 191, 189 என்ற மூன்று பைட். 255 வந்தாலும் இதுதான், 216 வந்தாலும் இதுதான். ஆகவே படத்தின் முதல் மூன்று பைட் ஒன்பதாகிவிடும். பழைய எண் என்ன என்பது அதோடு அழிந்துவிடும். திருப்பி எடுக்க வழியில்லை.

நானாவின் பெக்கப் கோப்பை எண் எண்ணாகத் திறந்து பார்த்தேன். படம் இருக்க வேண்டிய இடமெல்லாம் 239, 191, 189 என்று மந்திரம்போல் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது.

நோய்க்குக் கொடுத்த மருந்து

இந்த எழுத்து மாற்றம் எங்கிருந்து வந்தது? நானேதான் வைத்தேன்.

நான் பயன்படுத்தியது மைஎஸ்கியூஎல் என்ற இலவசத் தரவுத்தளம். 2018இல் அதன் 8.0 பதிப்பு வரும்வரை, நாம் வேறு ஒன்றும் சொல்லாவிட்டால், மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான எழுத்து அட்டவணையைத்தான் அது எடுத்துக்கொள்ளும். அதில் தமிழ் இல்லை. தொடக்கத்தில் ஒருமுறை பெக்கப்பைப் பரீட்சித்தபோது வாடிக்கையாளர் பெயரெல்லாம் வெறும் கேள்விக் குறிகளாக வந்தன. தமிழில் மென்பொருள் செய்தவர்கள் அனைவரும் பட்ட அவஸ்தை இது. உரிய இடத்தில், அதாவது தரவுத்தளத்திலேயே, அட்டவணையை மாற்றினேன். "எதற்கும் இருக்கட்டும்" என்று இன்னொன்றும் செய்தேன். பெக்கப் கோப்பு முழுவதையும் எழுத்தாக வாசித்து மீண்டும் யூடிஎஃப்-8இல் சேமிக்கும் ஒரு சிறு கட்டளையையும் கடைசியில் சேர்த்தேன். தமிழ் பிழைத்துக்கொண்டது. அந்த முறை பரீட்சிக்கும்போது நான் பெயர்களை மட்டும் பார்த்தேன். ஒரு படத்தையாவது திறந்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

தமிழைக் காப்பாற்ற வைத்த மருந்துதான் கையொப்பங்களைக் கொன்றது.

பிழைச் செய்தி ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். பெக்கப் கோப்பின் வாக்கிய அமைப்பைக் கட்டி வைத்திருப்பவை மேற்கோள் குறி, காற்புள்ளி, அடைப்புக் குறி போன்றவை. அவை சாதாரண எழுத்துகள், சேதமடையவில்லை. ஆகவே தரவுத்தளம் கோப்பை வாசித்தபோது ஒவ்வொரு வரியும் ஒழுங்காகவே இருந்தது. இந்த இடத்தில் ஒரு படம் என்று சொல்லப்பட்டிருந்தது, ஏதோ பைட்கள் இருந்தன, எடுத்து வைத்துக்கொண்டது. அவை படம்தானா என்று பார்ப்பது அதன் வேலை அல்ல.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரு பைட் மூன்றாக மாறியதால் பெக்கப் கோப்பு இருக்க வேண்டியதைவிடப் பெரிதாக இருந்தது. நான் இடையிடையே போய்ப் பார்ப்பேன். கோப்பு நல்ல பருமனாக இருக்கிறது, எல்லாம் சேர்ந்திருக்கிறது என்று திருப்திப்பட்டேன். வீக்கத்தைச் சதை என்று நினைத்திருக்கிறேன்.

இது பழைய வியாதி

எழுத்துக்கென்று செய்த வழியில் படத்தை அனுப்பி, படம் பழுதாவது கணினி உலகத்தில் புதிய சங்கதி அல்ல. கோப்புகளை ஓரிடத்தில் இருந்து இன்னோரிடம் அனுப்பும் எஃப்டிபி முறை 1985இல் எழுதி வைக்கப்பட்டபோதே அதில் எழுத்து முறை, பைனரி முறை என்று இரண்டு வழிகள் இருந்தன. ஒன்றும் சொல்லாவிட்டால் எழுத்து முறைதான். எழுத்து முறையில் போகும்போது வரி முடிவைக் குறிக்கும் பைட்கள் அந்தந்தக் கணினிக்கு ஏற்றபடி மாற்றப்படும். கடிதத்துக்கு அது வசதி. படத்துக்கோ அது சாவு.

1996இல் பிஎன்ஜி என்ற பட வகையை வகுத்தவர்கள் இந்தத் தொல்லையை நன்றாக அறிந்திருந்தார்கள். அதனால் ஒவ்வொரு பிஎன்ஜி படத்தின் தொடக்கத்திலும் எட்டுப் பைட்களைக் காவலாளிபோல் நிறுத்தினார்கள். முதல் பைட் 137. வழியில் யாராவது பெரிய எண்களைச் சுருக்கினால் அது கெட்டுக் காட்டிக்கொடுக்கும். பின்னால் 13, 10 என்று வரி முடிவுக்குரிய ஒரு சோடியும், தனியாக இன்னொரு 10உம் வைத்தார்கள். வரி முடிவை யாராவது இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ மாற்றினால், படம் உடனே "நான் பழுது" என்று சொல்லிவிடும்.

பெக்கப் கருவிகளிலும் இதற்குப் பரிகாரம் இருக்கிறது. மைஎஸ்கியூஎல்லின் டம்ப் கருவியில் ஹெக்ஸ்-புளொப் என்று ஒரு தெரிவு உண்டு. அதைப் போட்டால் பைனரித் தரவு முழுவதும் சாதாரண இலக்கமும் எழுத்துமாகப் பெயர்த்து எழுதப்படும். கோப்பு இரண்டு மடங்கு ஆகும், ஆனால் எந்த எழுத்து மாற்றத்துக்குள் போனாலும் சேதம் வராது. ஆனால் அது தானாக வராது, நாம்தான் கேட்க வேண்டும். விண்டோஸில் பவர்ஷெல் வழியாக டம்ப் கோப்பைத் திருப்பிவிட்டு எழுதினால் அது வேறோர் எழுத்து முறைக்கு மாறிவிடும், கோப்பின் பெயரைக் கருவியிடமே நேரடியாகக் கொடுங்கள் என்று அதன் கைநூலிலேயே எச்சரிக்கை இருக்கிறது. கைநூலை வாசிக்காதது யார் குற்றம்?

பெரிய இடங்களிலும்

"நாங்கள் சின்னக் கடைக்காரர், இதெல்லாம் எங்களுக்குத்தான் நடக்கும்" என்று நினைக்க வேண்டாம்.

கிட்லாப் என்பது உலகெங்கும் மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் நிறுவனம். 2017 ஜனவரி 31ஆம் திகதி அங்கே ஒரு பொறியியலாளர் தவறுதலாக முக்கியத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். பெக்கப்பைத் தேடிப் போனால் அந்த இடம் காலியாக இருந்தது. தரவுத்தளம் 9.6 பதிப்பு, பெக்கப் கருவியோ 9.2 பதிப்பு. ஒவ்வொரு தடவையும் கருவி தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றுவிட்டேன் என்று அது அனுப்பிய மின்னஞ்சல்களும் வேறொரு காரணத்தால் போய்ச் சேரவில்லை. ஐந்து வழிகளில் பாதுகாப்பு வைத்திருந்தார்கள், ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று அந்த நிறுவனமே வெளிப்படையாகச் சொன்னது. சுமார் ஆறு மணித்தியாலங்களுக்கு முன் ஒருவர் வேறு தேவைக்காகக் கையால் எடுத்து வைத்த பிரதிதான் அவர்களைக் காப்பாற்றியது.

நமது நாட்டிலும் 2023இல் நடந்தது. அவ்வருடம் ஓகஸ்டில் அரசாங்கத்தின் கிளவுட் மின்னஞ்சல் கட்டமைப்பு ரான்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளானது. சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்துக்கு வலையமைப்பில் இருந்து கழற்றி வைத்த தனிப் பிரதி இல்லை. தாக்குதல் வந்தபோது அதோடு இணைந்திருந்த பெக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டுவிட்டது.

மூன்று சம்பவங்களிலும் காரணம் வேறு வேறு. ஒன்றில் கருவியின் பதிப்பு, ஒன்றில் தாக்குதல், நமது ஊர்காவற்றுறைக் கடையில் எழுத்து மாற்றம். ஆனால் பெக்கப் உதவாது என்பது, தேவை வந்த நாளில்தான் மூன்று இடத்திலும் தெரியவந்தது.

ஒரு கையொப்பத்தின் விலை

"மிச்சத் தொகை கணினியில் இருக்கிறதே, கையொப்பம் போனால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். நம்பிக்கை இருக்கும்வரை ஒன்றுமில்லைதான். பிணக்கு வந்தால் கதை வேறு.

காலவரையறை பற்றிய 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, எழுத்து மூலமான ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போட 6 வருட அவகாசம் உண்டு. எழுத்தில்லாத ஒப்பந்தத்துக்கு 3 வருடம். கடையில் சாமான் விற்ற கணக்குக்கு ஒரே ஒரு வருடம்தான். கடன்பட்டவர் தன் கடனை எழுத்தில் ஏற்றுக் கையொப்பமிட்டிருந்தால் நிலைமை மாறும். உங்கள் சட்டத்தரணியிடம் கேட்டுப் பாருங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் கணினியில் உள்ள பதிவுக்கும் அங்கீகாரம் கொடுத்திருக்கிறது. ஆனால் எந்தச் சட்டமும் திறக்காத படத்தைச் சாட்சியாக எடுக்காது.

கையொப்பம் கடன் கொடுத்தவரை மட்டும் காப்பது அல்ல. நெடுந்தீவுக்காரர் கட்டியதாகச் சொன்ன 25,000 ரூபாவுக்கு அந்தப் படம்தான் அவருடைய ஒரே சாட்சி. அதையும் நான்தான் அழித்தேன். கடனை எழுதி வைப்பது இரு தரப்புக்கும் நீதி என்பது நமக்குப் புதிய பாடமும் அல்ல.

நானா அன்று 61,000 ரூபாவை வாங்கிக்கொண்டு கணக்கைத் தீர்த்தார். அவர் சொன்னது உண்மையா என்று நானாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உண்மையாக இருந்தால் நானா 86,000 கேட்டிருப்பது அநியாயம். பொய்யாக இருந்தால் 25,000 நட்டம். இரண்டில் நட்டத்தையே அவர் தெரிந்தெடுத்தார்.

பிறகு நாங்கள் இருவரும் எரியாமல் மிஞ்சிய துண்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் இருந்து பொறுக்கினோம். நானாவின் மகன் வாட்ஸ்அப்பில் வாப்பாவுக்கு அனுப்பிய படங்களையும் தேடினோம். நூற்றுச் சொச்சம் மீண்டது. மீதி இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை

இவற்றுக்குக் கணினி அறிவு தேவையில்லை. கடைக்காரராகிய நீங்களே செய்யலாம், அல்லது மென்பொருள் செய்து கொடுத்தவரை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லலாம்.

1. மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பெக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றிப் பாருங்கள். ஒரு பழைய மடிக்கணினி போதும். ஓடிக்கொண்டிருக்கும் கடைக் கணினியின் மேலேயே ஏற்றிப் பரீட்சிக்காதீர்கள். பெக்கப் பழுதாக இருந்தால் இருப்பதும் போய்விடும்.

2. ஏற்றியபின் பெயரையும் தொகையையும் மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். படங்களைத் திறவுங்கள். மிகப் பழையது, நேற்றுப் போட்டது, அளவில் மிகப் பெரியது என்று குறைந்தது பத்து. கையொப்பம் கண்ணுக்குத் தெரிகிறதா?

3. கடைக் கணினியில் உள்ள ஒரு படத்தின் அளவையும், பெக்கப்பில் இருந்து மீண்ட அதே படத்தின் அளவையும் ஒப்பிடுங்கள். ஒரு பைட்கூட வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைந்தாலும் பழுது, கூடினாலும் பழுது. தெரிந்தவர்கள் எஸ்எச்ஏ-256 என்ற விரலடையாளத்தை எடுத்து ஒப்பிடலாம். விண்டோஸில் உள்ள சேர்ட்யூட்டில் கட்டளையே அதைத் தரும்.

4. மென்பொருள் செய்தவரிடம் நேரடியாகக் கேளுங்கள். "படங்கள் பெக்கப்பில் எப்படிப் போகின்றன? இடையில் எழுத்து மாற்றம் ஏதும் இருக்கிறதா?" மைஎஸ்கியூஎல் என்றால் ஹெக்ஸ்-புளொப் போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். பதில் தெரியாமல் தலையைச் சொறிந்தால், முதலாவது விதிப்படி ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வாரே என்று பார்க்காதீர்கள். என்னை யாராவது அப்படிக் கேட்டிருந்தால் இன்றைக்கு நான் நன்றி சொல்லியிருப்பேன்.

5. டம்ப் கோப்பை நோட்பேடில் திறந்து சேமிக்க வேண்டாம். எடுத்த உடனேயே ஸிப் செய்துவிடுங்கள். ஸிப் கோப்புக்குள் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கிறது. அதன்பிறகு வழியில் ஒரு பைட் மாறினாலும் திறக்கும்போது அது காட்டிக்கொடுக்கும். ஸிப் செய்ய முன்னரே பழுதானதை அது கண்டுபிடிக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

6. ஸ்கேன் படங்களைத் தரவுத்தளத்துக்குள் போடுவதோடு, ஒரு கோப்புறையிலும் சாதாரணப் படமாக வைத்திருங்கள். அதைப் பார்க்க எந்த மென்பொருளும் வேண்டாம். நாளைக்கு நான் தொழிலை விட்டுப் போனாலும் உங்களால் திறக்க முடியும்.

7. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். தீவில் கடை வைத்திருப்பவர் ஒரு பிரதியை யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ நம்பிக்கையானவரிடம் வைத்திருக்கட்டும். எப்போதும் கணினியில் குத்தியபடியே இருக்கும் பென் டிரைவைப் பிரதி என்று எண்ண வேண்டாம். வைரஸ் வந்தால் இரண்டும் சேர்ந்து போகும். அதில் ஊரவரின் அடையாள அட்டைப் பிரதிகள் இருப்பதால் கடவுச்சொல்லும் போட்டு வையுங்கள்.

8. பெரிய தொகைக்கான துண்டுகளின் மூலப் பிரதியை எரிக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு உயரத்தில் வையுங்கள். கடன் தீர்ந்ததும், சம்பந்தப்பட்டவரின் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

நானாவின் கடையில் இப்போது பெக்கப் வேறு விதமாக நடக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதலாம் வெள்ளி பின்னேரம் அவருடைய மகள் ஒரு பழைய மடிக்கணினியில் பெக்கப்பை ஏற்றி, பத்துப் பேருடைய துண்டைத் திறந்து பார்த்து, ஒரு சாதாரணக் கொப்பியில் திகதியும் பெயரும் எழுதிக் கையொப்பம் வைக்கிறார். பிறகு எனக்கு ஓர் அழைப்பு வரும். "பத்தும் திறந்திச்சு நானா" என்பார். ஒரு மாதம் அந்த அழைப்பு வராவிட்டால் நானே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பண்ணைப் பாலத்தைத் தாண்டிப் போய்விடுவேன்.

இந்த வாரம் உங்கள் கடையிலும் ஒரு படத்தையாவது பெக்கப்பில் இருந்து எடுத்துத் திறந்து பாருங்கள். திறந்தால் நிம்மதி. திறக்காவிட்டால், மூலம் இன்னும் உயிரோடு இருக்கின்ற இன்றைக்கே அது தெரிந்துவிட்டதே என்று ஆறுதல்பட்டு, அந்த மென்பொருள்காரருக்கு உடனே ஒரு கோல் எடுங்கள்.